இது யார் வீட்டு உதடு?

மனிதர்களில் ஜாடைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்த ஞாபகம் இல்லையென்றாலும் அவர் உங்களைப் பார்த்திருப்பார். நீங்கள் பிறந்து கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத நேரத்தில், துணியை விலக்கி எட்டிப் பார்த்து, "மூக்கு அப்படியே அத்தை மூக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். பிறந்த குழந்தைக்கு மூக்கு என்று பெரிதாக என்ன இருக்கிறது? சிவப்பாக ஒரு பொத்தான், அதில் இரண்டு துளை. அதற்குள் அத்தையைக் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும். எனக்கு அந்தக் கண் இல்லை.

அவர் ஒரு வீட்டுக்குள் வருகிற விதமே வேறு. மற்றவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவைக்கச் சொல்வார்கள். இவர் நேரே குழந்தையிடம் போவார், மோவாயை இரண்டு விரலால் பிடிப்பார், சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புவார், நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று பார்க்கிற கடைக்காரர் மாதிரி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார், பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டடி பின்வாங்கி நின்று, வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, வாயைத் திறப்பார். "அச்சு அசல்." யாருடைய அச்சு என்பதை அடுத்த மூச்சில் சொல்வார். முதல் மூச்சு நம்மைத் தவிக்கவிடுவதற்காக.

முகத்தோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. நிறுத்துவாரா? பிள்ளை தவழ ஆரம்பித்ததும் தவழ்வது சித்தப்பா மாதிரி, நடக்க ஆரம்பித்ததும் நடை தாத்தா மாதிரி, ஒரு காலைத் தூக்கிப் போட்டுத் தூங்கினால் அது மாமன் தூக்கம், தும்மினால் அது கொள்ளுத்தாத்தா தும்மல். கொள்ளுத்தாத்தா தும்மியதை இவர் கேட்டிருக்கிறாரா என்று கேட்கக் கூடாது. பாவம், அந்தப் பிள்ளைக்கென்று சொந்தமாக எதுவுமே கிடையாது. தும்மல் உட்பட எல்லாம் இரவல்.

இவ்வளவுதான் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போதும் ஜாடைக்காரர் ஜாடைதான் பார்ப்பார். அங்கேதான் ஆபத்து. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஜாடைக்காரரைக் காட்டுகிறேன், வாருங்கள்.

அவரை அந்தக் குடும்பத்தில் எல்லாரும் பெரியப்பா என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரெல்லாம் சங்கிலி பிடித்து, கல் நட்டு, இது உன் பக்கம், அது அவன் பக்கம் என்று பிரித்துக் கொடுத்த கை. ஓய்வுக்குப் பிறகு அளப்பதற்கு நிலம் இல்லாமல் போகவே, குழந்தைகளின் முகத்தை அளக்க ஆரம்பித்தார். புருவத்திலிருந்து மூக்கின் நுனி வரை அப்பா பக்கம், காது மட்டும் அம்மா பக்கம், கன்னத்தில் கொஞ்சம் வழக்கு இருக்கிறது என்கிற ரீதியில் பேசுவார். வழக்கு இருக்கிற இடமெல்லாம் முடிவில் அப்பா பக்கத்துக்கே வந்து சேரும். அளப்பவர் அந்தப் பக்கத்துக்காரர் அல்லவா?

அவருடைய இறந்துபோன தம்பியின் பேரன்தான் பொட்டலம். பிறந்தபோது துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் யாரோ வைத்த பெயர். ஒன்றரை வயதாகியும் போகவில்லை. பொட்டலத்தின் அப்பா, அதாவது தம்பியின் மகன், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாலு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, எந்தச் சண்டையிலும் நடுவில் மாட்டிக்கொள்வதே அவருக்குப் பழக்கமாகிவிட்டது. அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நாளெல்லாம் பிறர் முகத்துக்கு நேரே முகம் வைத்து, எந்தச் சட்டம் எந்த முகத்தில் நிற்கும் என்று பார்க்கிற வேலை. ஆனாலும் ஜாடை பற்றிப் பேச்சு வந்தால் அவளிடம் யாரும் கேட்பதில்லை. பெற்றவளிடம் கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

ஒரு மாதத்துக்கு முன்னால் அவளே பெரியப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். முந்திரி போட்ட ஐஸ்கிரீமை ஒரு விரல் வழித்து நக்கியதும் பொட்டலத்தின் வாயைச் சுற்றித் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்தும் விட்டது.

"மாமா, சாப்பிட்டதும் வாயைச் சுத்தி செவந்துச்சு. எதுனால இருக்கும்?"

"அதுவாம்மா? எங்க வம்சமே அப்படித்தான். நல்ல சாப்பாட்டைக் கண்டா மூஞ்சி செவந்துடும். சந்தோஷம் தாங்காது."

விஷயம் அத்தோடு முடிந்தது. பிள்ளையின் தோல் ஏதோ சொல்ல வந்தது. வம்சம் குறுக்கே பேசிவிட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொட்டலத்தின் வீட்டில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் அப்பா பக்கம். அம்மா பக்கத்துக்கு அவளுடைய அக்கா. இவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேன் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் அதற்கு மேலே போகிற குரல். ஜாடை விஷயத்தில் பெரியப்பாவுக்குச் சரிக்குச் சமமாக நிற்கக்கூடிய ஒரே ஆள். ஆம், அவரும் அந்த இனம்தான். ஜாடைக்காரரில் ஆண் பெண் பேதம் கிடையாது.

சாப்பாடு முடிந்தது. அம்மா சமையலறையில் மிச்சத்தை டப்பாக்களில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வேன் அக்கா வாங்கி வந்த முந்திரி பிஸ்கட் டப்பா கூடத்தில் திறக்கப்பட்டது. பெரியப்பா ஒன்றை எடுத்துப் பொடித்துப் பொட்டலத்தின் வாயில் வைத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"கண்ணை மூடிக்கிட்டு ரசிக்கிறான் பாருங்க. அப்படியே என் தம்பி."

"எங்க அம்மாவும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் சாப்பிடுவாங்க, மாமா."

முதல் கல் நடப்பட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பொட்டலம் காதைப் பிடித்து இழுத்தான். நாக்கை வெளியே நீட்டிப் புறங்கையால் தேய்த்தான். கழுத்தைச் சொறிந்தான். சட்டையைத் தூக்கி வயிற்றைச் சொறிந்தான். வயிற்றில் கொசு கடித்ததுபோல் தடிப்புகள் எழும்பியிருந்தன, ஒன்றல்ல, ஒரு கூட்டமே. "அவங்க அப்பனும் இப்படித்தான், உக்காந்தா சொறிவான்" என்றார் பெரியப்பா. லிஃப்ட்காரர் தன் முழங்கையில் வைத்திருந்த கையை அவசரமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்ததாக மேலுதடு. முதலில் லேசாகத் தடித்தது. பிறகு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு பிள்ளையின் உதடு கண்ணுக்கு எதிரே பெரிதாகிறது. சாதாரண மனிதர் என்ன செய்வார்? பயப்படுவார். ஜாடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"இந்த உதடு! இதைப் பாருங்க! இத்தனை நாளா எங்கடா ஒளிச்சு வச்சிருந்த? அப்படியே என் தம்பி உதடு!"

சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினார். சுவரில் அவருடைய தம்பியின் புகைப்படம் மாட்டியிருந்தது. ஏதோ ஒரு கல்யாண விருந்தில் எடுத்தது. இளைஞர், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, வலது பக்கம் தடித்த மேலுதட்டில் ஒரு மிடுக்கு. குடும்பத்தில் அந்த உதட்டுக்குத் தனி மரியாதை. வந்தவர்களுக்கெல்லாம் பெரியப்பா அதைக் காட்டுவார். தம்பி போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த உதட்டை யார் முகத்திலாவது பார்த்துவிட மாட்டோமா என்றுதான் அவர் ஒவ்வொரு குழந்தையின் மோவாயையும் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் அவரைக் கேலி மட்டும் செய்தால் நான் நியாயம் இல்லாதவன் ஆகிவிடுவேன்.

வேன் அக்கா விடுவாரா? "என்ன மாமா, இப்படி அநியாயம் பண்றீங்க? எங்க அம்மாவுக்கு இதைவிட உதடு. எங்க தெருவுல கேட்டுப் பாருங்க."

"உதடு வேற, தடிப்பு வேறம்மா. இது வலது பக்கம் ஏறி நிக்குது. படத்தைப் பாரு."

"எங்க அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் ஏறி நிக்கும்!"

"ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்றார் லிஃப்ட்காரர்.

"நீ சும்மா இரு!" இதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமை.

பொட்டலம் வாந்தி எடுத்தான். "பாத்தியா, கூச்சல் ஆகாது, என் தம்பிக்கும் கூச்சல் ஆகாது" என்றார் பெரியப்பா. பொட்டலம் இருமினான், ஒரு தடவை, மறு தடவை, விடாமல். அழுதபோது குரல் கம்மி, கரகரவென்று வந்தது. "அட, இந்தக் குரல் எங்க மாமா குரல்! இது எங்க பக்கம், எழுதி வச்சுக்கோங்க" என்றார் வேன் அக்கா. பெரியப்பா முகம் கொஞ்சம் வாடியது. உதடு தனக்கு, குரல் அவர்களுக்கு என்று மனசுக்குள் எல்லை பிரித்துச் சமாதானம் ஆனார். இரண்டு பக்கமும் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளை பக்கம் யார் இருந்தார்கள்?

பொட்டலம் அழுகையை நிறுத்தினான். அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்தான். கை தொங்கியது.

"சாப்பிட்டதும் தூக்கம்" என்று பெரியப்பா சிரித்தார். "இதுவும் எங்க..."

அம்மா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள். வாந்தியைத் துடைக்கத் துணி கொண்டுவந்தவள், துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ முகங்களைப் பார்க்கிற கண். உதட்டைப் பார்த்தாள், கண்ணிமையைப் பார்த்தாள், வெளிறிப்போயிருந்த நெற்றியைப் பார்த்தாள்.

"யார் மாதிரி இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கீங்களே. இவன் இவனை மாதிரியே இல்லையே!"

கூடத்தில் எல்லா ஜாடையும் ஒரே நொடியில் கலைந்தது. பெரியப்பா அப்போதுதான் பிள்ளையைப் பார்த்தார் என்று சொன்னால் நம்புவீர்களா? அத்தனை நேரம் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்போதுதான் ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். வேன் வாசலில் நின்றது. வேன் அக்கா ஒரு கையை ஹாரனிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார். அம்மா மடியில் பிள்ளை. பெரியப்பா பின் சீட்டில், பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் குட்டி இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு, "டேய் பொட்டலம், தாத்தாவைப் பாருடா, பாருடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளை பார்க்கவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். யார் மாதிரி என்று அவர் கேட்கவில்லை. என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். பதில் வருவதற்குள்ளேயே தொடையில் ஊசி போட்டாயிற்று. மூக்கில் பிராணவாயு வைத்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு பொட்டலம் காலை உதைத்தான். பிறகு அழுதான், கரகரப்பில்லாமல், உரக்க, தன் சொந்தக் குரலில். அந்த அழுகையைக் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "முந்திரியாத்தான் இருக்கும், டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். இதுக்கு முன்னாடி ஏதாவது வந்திருக்கா?"

"போன மாசம் வாயைச் சுத்தி செவந்துச்சு, டாக்டர்."

"அப்பவே அதை நிறுத்திட்டு வந்து காட்டியிருக்கணும்மா. முதல் தடவை லேசா வந்ததுன்னா அடுத்த தடவையும் லேசாத்தான் வரும்னு கிடையாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல தடிப்பு வந்து, கூடவே வாந்தியோ, இருமலோ, குரல் கம்மறதோ, இப்படித் துவண்டு போறதோ இருந்தா, உக்காந்து பேசிக்கிட்டே இருக்கக் கூடாது. உடனே தூக்கிட்டு ஓடி வரணும். இன்னைக்கு இங்கயே இருங்க. குறைஞ்ச மாதிரி இருந்துட்டுத் திரும்பவும் வரலாம்." பிறகு நிமிர்ந்தார். "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி உண்டா? சாப்பாடு ஒத்துக்காம போறது, வீசிங், தோல் அரிப்பு?"

வாசகரே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் ஓர் உதட்டுக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போட்ட குடும்பம் இது.

"எங்க பக்கத்துல யாருக்கும் கிடையாது, டாக்டர். சுத்தமான உடம்பு" என்றார் பெரியப்பா.

"எங்க பக்கத்துல சுத்தமா கிடையாது. நாங்கெல்லாம் கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஆளுங்க" என்றார் வேன் அக்கா.

டாக்டர் இருவரையும் பார்த்தார். "அப்ப இந்தப் பையன் எந்தப் பக்கத்துல இருந்து வந்தான்?"

பெரியம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. வீட்டிலும் திறக்கவில்லை, வேனிலும் திறக்கவில்லை. ஜாடைக்காரரைக் கட்டிக்கொண்டவர்களுக்குப் பேச இடம் கிடைப்பது அபூர்வம். இப்போது கிடைத்தது.

"ஏங்க, உங்க தம்பிக்கு முந்திரி ஆகாதே?"

"ஆகாதுன்னு யாரு சொன்னா? அவனுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்."

"பிடிக்காம எப்படிப் போச்சு? அந்தக் கல்யாண விருந்துல தட்டு நிறைய முந்திரி பர்ஃபி தின்னுட்டு உதடு வீங்கிப் போய் நின்னாரே. அப்ப எடுத்ததுதானே சுவத்துல இருக்கிற போட்டோ? மறுநாள் காலையில உதடு பழையபடி ஆயிடுச்சு. வேற எந்த போட்டோவுலயாவது அவருக்கு அப்படி ஒரு உதடு இருக்கா, பாருங்க."

பெரியப்பா மனசுக்குள் ஒவ்வொரு புகைப்படமாகப் புரட்டுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பள்ளிக்கூடப் படம், வேலைக்குச் சேர்ந்த படம், கல்யாணப் படம். எல்லாவற்றிலும் தம்பிக்கு மெல்லிய உதடு. வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் அவர் பெருமையாகக் காட்டிய குடும்ப உதடு, முந்திரியின் உதடு. வாழ்நாளில் அவர் சொன்ன ஆயிரம் ஜாடைகளில் இது ஒன்றுதான் அட்சரம் பிசகாமல் சரி. சரியாக இருந்ததுதான் வேதனை.

"அன்னைக்கு அவனுக்கு மூச்சு இழுத்துச்சு, டாக்டர்" என்றார் மெதுவாக. "மேல ஏறி நின்ன உதட்டோட பேச முடியாம கையைக் கையை ஆட்டினான். ஜோக் அடிக்கிறான்னு நாங்க எல்லாரும் நின்னு சிரிச்சோம். போட்டோ எடுக்கச் சொன்னதே நான்தான்."

டாக்டர் "அப்பா பக்கம், தாத்தா, முந்திரி" என்று எழுதிக்கொண்டார். எந்தப் பக்கம் என்ற வழக்கு அந்த ஒரு வரியில் தீர்ந்தது; ஜெயித்தவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். வேன் அக்காதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்க மாமா, எங்க மாமாவுக்கும் இறால் ஆகாது, நானும்தான் சொல்லலை" என்றார்.

சாயங்காலம் உதடு வடிந்தது. பொட்டலம் எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிப் போர்வையைக் கடித்தான். அறைக்குள் வந்த நர்ஸ் அவன் கன்னத்தைத் தட்டி, "அட, அப்படியே அம்மா..." என்று ஆரம்பித்தார். பெரியப்பா நிமிர்ந்தார். வேன் அக்கா நிமிர்ந்தார். லிஃப்ட்காரர் வழக்கம்போல் நடுவில் வந்து நின்றுகொண்டார். "சிஸ்டர்" என்றாள் அம்மா, "முதல்ல அவனுக்குத் தடிப்பு எல்லாம் போயிடுச்சான்னு பாருங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." நர்ஸ் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். போய்விட்டிருந்தது.

ஜாடைக்காரர் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? அந்த இனம் திருந்தாது. ஆனால் இப்போதெல்லாம் பெரியப்பா பிள்ளைக்கு எதையாவது ஊட்டுவதற்கு முன்னால் அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறார், ஊட்டிய பிறகு ஒரு கண்ணை மூடாமல் இரண்டு கண்ணாலும் பார்க்கிறார். அவரால் முடிந்தது அவ்வளவு.

நீங்கள் ஜாடைக்காரர் இல்லை என்பது எனக்குத் தெரியும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, எங்கேயோ நடுவில், "இந்தப் பெரியப்பா அப்படியே எங்க சித்தப்பா!" என்று ஒரு சிரிப்பு மட்டும் சிரித்திருப்பீர்கள். சிரித்தீர்கள் அல்லவா? மூக்கு, பேச்சு, அந்த ஒற்றைக் கண், எல்லாம் பொருந்தியிருக்கும். சரி, சரி, வெட்கப்பட வேண்டாம். இப்போது உங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை எதையாவது மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தால், முதலில் திரும்பி அதன் முகத்தைப் பாருங்கள். சித்தப்பா எங்கேயும் போய்விட மாட்டார்.